ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ்!

உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். வேலை நேரத்தில் சீட்டில் அகப்படமாட்டார். ஆனால், 'டூர்' என்று யாராவது முணுமுணுத்தால் போதும்... பேனாவும் வெள்ளைப் பேப்பருமாக எதிரே வந்து நிற்பார். "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொள்வார். அடுத்த நிமிஷம் கையை நீட்டுவார். அட்வான்ஸ்!

எங்கள் கிண்டி ஆபீஸில் அந்தப் பொறுப்பு அக்கவுண்ட்ஸ் ஸாருடையது. 2015 நவம்பர் கடைசியில் அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். குடகு! வெள்ளிக்கிழமை ராத்திரி வேன். சனிக்கிழமை காலையில் மடிகேரிக்குப் பக்கத்தில் மண்டல்பட்டி மலைக்கு ஜீப் சவாரி. ரோடே இல்லாத ரோடு. கல்லும் பள்ளமும் சேறும்தான். மத்தியானம் துபாரேயில் காவிரியில் ரப்பர் படகு சவாரி. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், சாப்பாடு எல்லாம் உள்பட.

"ஒரே நாள்ல ஆஃப் ரோடிங்கும் ராஃப்டிங்கும்! லைஃப்ல மறக்கமாட்டீங்க. ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ்."

பதினேழு பேர் கொடுத்தோம். தேதி டிசம்பர் 5.

ஒரே நாளில் இரண்டும் கிடைத்தது உண்மை. மறக்கவில்லை என்பதும் உண்மை. தேதியும் ஊரும்தான் மாறிப் போயின. டிசம்பர் 5 அல்ல, 1-ம் தேதி. குடகு அல்ல, முடிச்சூர்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் ரோட்டில் போய், உள்ளே திரும்பினால் வரும் நகர்களில் ஒன்று. அப்பா 1994-ல் ஒரு கிரவுண்ட் வாங்கினார். "ஏரிக்காத்து வரும் ஸார்" என்றாராம் புரோக்கர். அவர் பொய் சொல்லவில்லை. காற்று வந்தது. பின்னாலேயே ஏரியும் வந்தது. அதைத்தான் அவர் சொல்லவில்லை.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 10. பட்சணம் தீர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் 15, 16 தேதிகளில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. வாடகைக் கார் விடுகிற ஓலா கம்பெனி சென்னையில் இலவசப் படகு விட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம்தான். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். டி.வி.யை பீரோ மேல் ஏற்றிவிட்டு, கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினோம்.

தண்ணீர் வடிந்த அன்று, சேற்றைத் தள்ளிக்கொண்டே நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

"ஊரெல்லாம் மேட்டுல இடம் வாங்கினா, நீங்க மட்டும் ஏரியில வாங்கிட்டு எங்களையும் சேத்து மூழ்கடிக்கிறீங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. எதுவானாலும் அம்மா மூலமாகத்தான். "அவன் சாப்பிட்டானான்னு கேளு." நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்!

குடகு விஷயத்தையும் அம்மாதான் அவர் காதில் போட்டாள். "தண்ணியில மிதக்கறதுக்கு ரெண்டாயிரம் ரூபாயாமா? இங்கயே வாசல்ல உக்காரச் சொல்லு" என்று செய்தி வந்தது. கோபத்திலும் கிண்டல் குறையாத மனிதர்.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி ஆரம்பித்த மழை நிற்கவே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபீஸில் "கிளம்பலாம்" என்றார்கள். என்னிடம் செகண்ட் ஹேண்ட் மாருதி 800 ஒன்று இருந்தது. வாங்கி ஆறு மாதம்தான். அதில்தான் ஆஃப் ரோடிங் தொடங்கியது.

கத்திப்பாராவிலிருந்து மீனம்பாக்கம் போகவே இரண்டு மணி நேரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் நடுவில் இருக்கும் தடுப்புச்சுவரை அடையாளம் வைத்துக்கொண்டு, 'இதற்கு இடது பக்கம் ரோடு இருக்கத்தான் வேண்டும்' என்ற நம்பிக்கையில் எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்தோம். பஸ் ஒன்று தாண்டிப்போனால் அலை அடிக்கும். கதவின் கீழ்வழியாகத் தண்ணீர் வந்து என் ஷூவை நனைத்தது. பல்லாவரம் தாண்டும்போது மணி ஆறு. இருட்டிவிட்டது.

குரோம்பேட்டையில் வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

இங்கேதான் நான் அந்த மகா தப்பைச் செய்தேன். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை.

இதைப் படிக்கும் இளைஞர்களே, கார் வைத்திருந்தாலும், வாங்கப் போகிறவராக இருந்தாலும் கேளுங்கள். பிறகு மெக்கானிக் எனக்கு எடுத்த பாடம் இது. இன்ஜின் காற்றை உறிஞ்சி, அதை அமுக்கித்தான் ஓடுகிறது. காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. காற்று போகிற வழியில் தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் சுவரில் மோதினாற்போல நிற்கும். அப்போது சாவியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளித்தான் போகவேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸிலும் இந்த ரிப்பேருக்குப் பணம் வராது. இன்ஜினுக்கென்று தனியாகக் கட்டியிருந்தால்தான் உண்டு.

மலை ஏறுவதற்கென்றே செய்த வண்டிக்கும் கணக்கு உண்டு. இன்றைக்கு வரும் மஹிந்திரா தார் ஜீப்புக்கே 650 மில்லிமீட்டர் ஆழம் வரைதான் என்று கம்பெனி சொல்கிறது. தொடை அளவு. ஓடுகிற தண்ணீர் என்றால், பெரும்பாலான கார்களைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு அடியே போதும். நானோ மாருதி 800-ஐ வைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டப் பார்த்தேன்.

முகம் தெரியாத நாலு பேர் காரைத் தள்ளி ஒரு துணிக்கடை வாசலில் ஏற்றிவிட்டார்கள். நடக்க ஆரம்பித்தேன்.

எட்டு மணி இருக்கும். சானடோரியம் பக்கம் போகும்போது போன் அடித்தது. அம்மா நம்பர். பேசியது அப்பா. இரண்டு வாரம் கழித்து என்னிடம் நேராகப் பேசுகிறார்.

"தண்ணி ஜன்னல் கட்டைக்கு வந்துடுச்சுடா. நாங்க எதிர்வீட்டு மாடிக்குப் போறோம். நீ வராதே. கேக்குதா? வராதே."

"அப்பா..." என்றேன். லைன் செத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் போனும் செத்தது.

அந்த ராத்திரி தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் கழிந்தது. ரயில் ஓடவில்லை. ஆனால், பிளாட்ஃபாரத்தில் திருவிழாக் கூட்டம். ஈரப் புடவை, ஈரக் குழந்தைகள், ஈர நாய்கள். யாரோ ஒரு புண்ணியவான் டீ கொண்டுவந்து காசு வாங்காமல் ஊற்றினார். பக்கத்தில் இருந்தவர், "செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்க ஸார்" என்றார். தூங்காமல் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கட்டை என்றால் நாலடி. அம்மாவுக்கு மூட்டு வலி. தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்கு எப்படிப் போனார்கள்? போனார்களா?

செம்பரம்பாக்கம் விஷயம் இன்றும் டீக்கடைகளில் ஓடுகிறது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மைதான். மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரமெல்லாம் அதில் தத்தளித்தன. ஆனால், அந்த உபரி நீர் அடையாற்றோடு சேரும் இடம் திருநீர்மலை. நாங்கள் அதற்கு மேலே இருப்பவர்கள். எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தது. மிச்சம் நேராக வானத்திலிருந்து வந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ.!

இந்த 49 செ.மீ. எவ்வளவு என்று பிறகு ஒருநாள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரவுண்ட் நிலத்தின் மேல் மட்டும் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் ஒன்பது லாரி. அதே தெருவில் மே மாதம் ஒரு லாரி தண்ணீருக்காக அண்டை வீட்டாரோடு சண்டை போட்டிருக்கிறோம். ஒரே நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்பது லாரி, இலவசமாக. இறக்கத்தான் இடமில்லை.

புதன்கிழமை விடிந்தது. முடிச்சூர் ரோட்டில் நடந்தேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அதற்கு மேல் போலீஸ்காரர் விடவில்லை. ஒரு டிராக்டர், ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர். மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடிவிட்டதால், தாம்பரம் விமானப்படைத் தளம்தான் அன்றைக்கு ஊருக்கே வாசல்.

அப்போதுதான் லாரியில் ஏற்றி அந்தப் படகு வந்தது. கோவளம் பக்கத்து ஃபைபர் படகு. கூட இரண்டு மீனவர்கள். கடல் தெரிந்தவர்களுக்கு எங்கள் நகர் தெரியாது.

"யாராச்சும் தெரு தெரிஞ்சவங்க இருக்கீங்களா?"

நான் கையைத் தூக்கினேன். கைதூக்கும்போது என் மனசில் ஊர் இல்லை, அப்பா அம்மாதான் இருந்தார்கள். இதைச் சொல்லிவிடவேண்டும்.

ராஃப்டிங் ஆரம்பமானது. ஹெல்மெட் இல்லை, லைஃப் ஜாக்கெட் இல்லை, சாப்பாடு உள்பட இல்லை. கீழே தெரு இருந்தது. ஆனால் தெரியவில்லை. நான் தினம் காய்கறி வாங்கும் கடையின் போர்டு, படகின் விளிம்புக்குப் பக்கத்தில் வந்துபோனது. காம்பவுண்ட் சுவர்களின் கூர்க்கம்பிகள் தண்ணீருக்குள் ஓர் அடி ஆழத்தில் காத்திருந்தன. முன்னால் நின்ற மீனவர் நீளக் கழியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். குறுக்குத் தெருக்களின் சந்திப்பில் தண்ணீர் சுழித்து இழுத்தது. ஒரு மோட்டார் பைக்கின் ஹேண்டில்பார் மட்டும் ஆட்டுக்கொம்பு மாதிரி வெளியே தெரிந்தது.

"நேரா போங்கண்ணே. மூணாவது லெஃப்ட்" என்றேன்.

இரண்டாவது இடது திருப்பத்தைத் தாண்டும்போது ஒரு குரல் கேட்டது. மெல்லிசாக. பெண் குரல். மழையில் சரியாகப் புரியவில்லை. ஆனால் கேட்டது.

பின்னால் இருந்த பெரியவர் இன்ஜினைக் குறைத்தார். "யாரோ கூப்பிடறாப்ல இருக்கே?"

நான் சொன்னேன். "காத்து சத்தம்ணே. நேரா போங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. முறைக்கக்கூட இல்லை. "ஒங்க வீடு எதுல தம்பி?" என்றார்.

"மூணாவது தெரு. அப்பா, அம்மா... வயசானவங்க."

"மாடியில இருக்காங்களா?"

"எதிர்வீட்டு மாடிக்குப் போறோம்னு நேத்து சொன்னாங்க."

"மாடியில இருந்தா இருப்பாங்க தம்பி. எல்லார் வீட்லயும் யாராச்சும் இருக்கத்தான் செய்வாங்க" என்றார். படகு இடது பக்கம் திரும்பியது.

ஐந்தாவது வீடு. மாடி கிடையாது. ஓடு போட்ட வீடு. பக்கத்து வீட்டு சன்ஷேடில் தொற்றிக்கொண்டு இரண்டு பெண்கள். ஒருத்தி வயதானவள். இன்னொருத்தி இருபத்து மூன்று, இருபத்து நாலு இருப்பாள். அவள் நெஞ்சில் பிளாஸ்டிக் ஷீட் சுற்றிய மூட்டை. நான் பாத்திரம் பண்டம் என்று நினைத்தேன். மூட்டை அசைந்தது. பிறந்து மூன்று வாரமான குழந்தை.

அந்த மூட்டையைக் கை நீட்டி வாங்கியது நான்தான். எடையே இல்லை. என் டிபன் பாக்ஸ் அதைவிடக் கனம்.

அதே தெருவில் இன்னும் ஐந்து பேர் ஏறினார்கள். படகு நிறைந்துவிட்டது. திரும்பிப் போய் இறக்கிவிட்டுத்தான் வரவேண்டும். என் பாக்கெட்டில் நனைந்துபோன ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. இரண்டாவது தடவையாவது நேராக எங்கள் தெருவுக்குப் போகச் சொல்லிக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை. எடுக்க முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து எங்கள் தெருவுக்குப் போனோம். எதிர்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் கீழே, தார்ப்பாயை மேலே கட்டிக்கொண்டு மூன்று குடும்பம். அம்மா என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். அப்பா எழுந்து கைப்பிடிச் சுவர் அருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"வராதேன்னு சொன்னேனே" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பேப்பர் போடற பையன் வரலைடா" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாவுக்குக் காபியில்லாமல்கூட இருந்துவிட முடியும், 'தி இந்து' இல்லாமல் முடியாது. பாவம், அந்தப் பையன் என்ன செய்வான்? மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாமல், 1878-ல் ஆரம்பித்த பத்திரிகை முதல் தடவையாக அன்றைக்குச் சென்னையில் அச்சாகவே இல்லை!

அப்பா கையில் ஒரு உரச் சாக்கு. உள்ளே பாலிதீன் பை. அதற்குள் இன்னொரு பை. வீட்டுப் பத்திரம் என்று நினைத்தேன். அவருடைய 1994-ம் வருஷத்துப் பெருமை.

படகில் உட்கார்ந்தபின் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். என் பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது, டிகிரி சர்ட்டிபிகேட்.

"பத்திரம்பா?"

"கீழே பீரோவுலதான் இருந்தது. எடுக்க நேரமில்லை. ஒரு பைதான் தூக்க முடிஞ்சுது. பத்திரத்துக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நகல் கிடைக்கும். உன் சர்ட்டிபிகேட்டுக்கு நீ யுனிவர்சிட்டிக்கு நாயா அலையணும்" என்றார்.

படகு இரண்டாவது தெருவைத் தாண்டியது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா" என்றேன்.

"தப்பு என்னடா? ஆத்து மேலயும் தப்பில்லை, உன் மேலயும் தப்பில்லை. அது பழைய விலாசத்துக்கு வந்திருக்கு. நடுவுல நாம குடிவந்துட்டோம்" என்றார் அப்பா.

வியாழன், வெள்ளி அம்மாவின் அண்ணன் வீட்டில் கழிந்தது. சனிக்கிழமை டிசம்பர் 5. காலையில் அந்த ஏரியாவில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. இறங்கியது யார் தெரியுமா? அக்கவுண்ட்ஸ் ஸார்!

"வேன் புக் பண்ணியாச்சு. கேன்சல் பண்ணினா பணம் தரமாட்டேன்னுட்டான். அதான் குடகுக்குப் பதிலா இங்கே" என்றார். உள்ளே பதினேழாயிரம் ரூபாய்க்குப் பால் பவுடர், பிஸ்கட், பாய், போர்வை, மெழுகுவர்த்தி. பாக்கெட் பால் நூறு ரூபாய்க்கு விற்ற நேரம் அது. எல்லாவற்றுக்கும் பில் வைத்திருந்தார். ஒவ்வொருத்தர் அட்வான்ஸிலும் எவ்வளவு செலவு என்று கணக்கும் எழுதியிருந்தார். மீதி இரண்டு ரூபாய் நாற்பது காசு எனக்கு வரவேண்டுமாம்! அன்றிலிருந்து அவர் சீட்டில் இல்லாவிட்டால் நான் கேள்வி கேட்பதில்லை.

குடகுக்கும் போனோம். 2017-ல். மண்டல்பட்டியில் ஜீப் குலுக்கிய குலுக்கலில் முதல் நாள் சாப்பிட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. துபாரேயில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுக் கைடு வகுப்பு எடுத்தார். ஆறு எவ்வளவு கடினம் என்பதை ஒன்றிலிருந்து ஆறு வரை கிரேடு போட்டுச் சொல்வார்கள். ஆறு என்றால் உயிரோடு விளையாட்டு. கீழே விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்கக்கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் தண்ணீர் தள்ளிக் கவிழ்த்துவிடும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதக்கவேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது பாறை அல்ல, விழுந்த மரமும் கம்பி வேலியும்தான். தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும். மனுஷன் மாட்டிக்கொள்வான்.

எனக்கு முடிச்சூர் வீட்டு கேட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. தெரு முழுக்கக் கம்பி கேட்!

"யாருக்கெல்லாம் இது முதல் தடவை?" என்று கேட்டார் கைடு. என்னைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். "ஸார், உங்களுக்கு எந்த ஆறு?" என்றார். "அடையாறு" என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். அமைதியான இடம் வந்ததும், "எல்லாரும் குதிச்சு நீந்துங்க" என்றார். குதித்தார்கள். நான் மட்டும் படகிலேயே இருந்தேன். காவிரி சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு இடது பக்கக் கரையிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அது நிஜமாகவே காற்று.

ஆபீஸில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மாருதி 800, டீ, பேப்பர் பையன், பதினேழாயிரம் ரூபாய்... எல்லோரும் ரசித்துக் கேட்பார்கள். 'காத்து சத்தம்ணே' என்பதை மட்டும் விட்டுவிடுவேன். அந்த இளம் தாய் இப்போதும் எங்கள் ஏரியாவில்தான் இருக்கிறாள். மளிகைக் கடையில் பார்த்தால், "அண்ணா" என்று சிரிப்பாள். ஒருமுறை தன் மாமியாரிடம், "அன்னிக்குப் படகைக் கூட்டிட்டு வந்தது இவர்தான்" என்று அறிமுகம் செய்தாள். நான் நூறு கிராம் கடுகு வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். வாங்க வேண்டியது மிளகு!

அந்த வெள்ளத்தில் தமிழ்நாட்டில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018-ல் சட்டசபையில் வைத்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதர்கள் செய்த பேரழிவு என்றே எழுதியது. எங்கள் பக்கம் ஆற்றை அகலப்படுத்தினார்கள். மூடுகால்வாய் கட்டினார்கள். நாங்களும் கடன் வாங்கி ஒரு மாடி கட்டினோம். விற்கவில்லை. விற்றால் வேறு யாரோ ஏமாறவேண்டும் என்றார் அப்பா.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். தண்ணீர் மறுபடி விலாசம் தேடி வந்தது. பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை ரோட்டைக் கடந்ததை நாடே வீடியோவில் பார்த்ததே, அதே நாள். இந்தத் தடவை முன்கூட்டியே காரை மேம்பாலத்தில் விட்டிருந்தேன். சர்ட்டிபிகேட், பத்திரம் எல்லாம் மாடியில். குடகிலிருந்து வந்ததும் வாங்கிய லைஃப் ஜாக்கெட் இரண்டும் இருந்தன.

காலையில் தெருவில் இடுப்பளவு. இழுவை இல்லை, தேங்கி நின்றது. ஒன்றை மாட்டிக்கொண்டேன். இன்னொன்றைத் தோளில் போட்டுக்கொண்டேன். கையில் ஒரு கழி. வெள்ளத்தில் கழியில்லாமல் கால் வைக்கக்கூடாது. மூடியில்லாத சாக்கடைக் குழியைக் கழிதான் கண்டுபிடிக்கும். அது அந்தப் பெரியவரைப் பார்த்துக் கற்றது.

"எங்கடா போறே?" என்றார் மாடியிலிருந்து அப்பா.

"ரெண்டாவது தெருவுக்கு."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லப்பா. கூப்பிடறதுக்கு முன்னாடி போயிடலாம்னு."

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது தெரியுமோ என்னவோ.

ஓட்டு வீடு அப்படியேதான் இருந்தது. உள்ளே கட்டில் மேல் நாற்காலி போட்டு மாமியாரை உட்காரவைத்திருந்தார்கள். அவரைத் தூக்கிவரத்தான் இரண்டாவது ஜாக்கெட். ஆனால், அலமாரி மேல் உட்கார்ந்திருந்த எட்டு வயசுப் பையன் அதைப் பார்த்துவிட்டான்.

"அங்கிள், சூப்பரா இருக்கு! நான் போட்டுக்கட்டுமா?"

மாமியாருக்கு ஒன்று, அவனுக்கு என்னுடையது. அவன் உடம்பில் அது முழங்கால் வரை தொங்கியது. தோளில் ஏற்றிக்கொண்டேன். இந்தத் தடவை நல்ல கனம்!

வழியெல்லாம் கேள்வி. "அங்கிள், முதலை வருமா? அங்கிள், இதுக்குப் பேர் என்ன? இதுக்குக் காசு எவ்ளோ?"

"இதுக்குப் பேர் ராஃப்டிங். காசெல்லாம் வேண்டாம். அட்வான்ஸ் கட்டியாச்சு" என்றேன்.